காவலுக்கு வந்த போதகர்

போதகருக்கு அக்காவைக் கண்டால் இன்றைக்கும் கொஞ்சம் பயம்தான். சபையில் அத்தனை பேரும் அவர் சொன்னால் எழுந்து நிற்பார்கள், சொன்னால் உட்காருவார்கள். அக்கா மட்டும் ஆராதனை முடிந்த கையோடு அவருடைய அறைக்குள் வந்து, யாரையும் கேட்காமல் அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்துகொள்வாள். பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியை. மாணவர்கள் வைத்த பெயர் ‘கல் மேடம்’. அவள் கைப்பையில் எப்போதும் ஒரு பாறைத் துண்டு கிடப்பதால் வந்த பெயர் என்பார்கள். விடைத்தாள் திருத்துகிற விதத்தைப் பார்த்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் வந்து உட்கார்ந்தாள்.

“தம்பி, யுனிவர்சிட்டி பின்கேட்டுக்கு எதிர்ல சபைக்கு ஒரு பழைய வீடு சும்மா கிடக்குதுல்ல, அதை எனக்குக் குடு.”

“எதுக்குக்கா? யாராவது குடிவர்றாங்களா?”

“பசங்க வர்றாங்க. ஒரு படிப்பு மையம் வைக்கப் போறேன்.”

போதகர் அங்கியை மடித்து வைத்துக்கொண்டே சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. போன வாரம் மாணவர்களை மலைக்குக் கூட்டிப் போனபோது நடந்ததைச் சொன்னாள். பாறை அடுக்குகளைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். எல்லாரும் சாப்பிடப் போன பிறகு ஒரு பையன் மட்டும் பின்தங்கி நின்று, மேடம், இந்தப் பாறைக்கு இவ்வளவு வயசுன்னு சொல்றீங்க, ஞாயித்துக்கிழமை சர்ச்சிலயும் முன்வரிசையில உட்கார்றீங்க, ரெண்டையும் எப்படி ஒரே மண்டையில வெச்சிருக்கீங்க என்று கேட்டிருக்கிறான்.

“கிண்டலுக்குக் கேக்கலடா. கண்ணு கலங்கிப்போய்க் கேட்டான். வீட்டுல கேட்டா அம்மா அழறாங்களாம். கிளாஸ்ல கேட்டா எல்லாரும் சிரிக்கிறாங்களாம். எங்க மேடம் போய்க் கேக்கறதுங்கிறான்.”

“என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே?”

அக்கா நாற்காலியில் நிமிர்ந்தாள். “கேட்டிருக்கான். நம்ம பாடகர் குழுவுல பாடுற பையன்தான். ‘நல்லா ஜெபம் பண்ணு தம்பி’ன்னு தோள்ல தட்டி அனுப்பிச்சியாமே.”

போதகருக்கு முகத்தில் ஈயாடவில்லை. தோளில் தட்டியது நினைவிருந்தது. கேள்விதான் நினைவில் இல்லை.

உண்மையைச் சொல்வதானால், கேள்வி என்றாலே அவர் நழுவப் பார்ப்பார். பிரசங்க மேடையில் நிறுத்திவிட்டால் மனிதர் வெளுத்து வாங்குவார். கடைசி வரிசைக்காரர் தூக்கத்திலும் கேட்கும்படி பேசுவார். ஆனால் பிரசங்கத்தின் நடுவில் யாரும் கை தூக்குவதில்லை. அந்த வசதி அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அக்கா கேட்பதோ கை தூக்குவதற்கென்றே ஒரு வீடு. மருத்துவம் படிப்பவன், சட்டம் படிப்பவள், இயற்பியல் படிப்பவன் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, தங்கள் பாடத்தையும் விசுவாசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டுமாம். நம்புகிறவன் வரலாம், நம்பாதவன் வரலாம், இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவன் கட்டாயம் வர வேண்டுமாம்.

“கமிட்டியில சொல்லிப் பாக்கறேங்க்கா” என்றார் போதகர், கமிட்டி எப்படியும் தட்டிக்கழித்துவிடும் என்ற நம்பிக்கையில்.

சபைக் கமிட்டியின் தலைவர் ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி. வேலையை விட்டு வந்து எவ்வளவோ காலம் ஆகியும் அவரை இன்னும் எல்லாரும் ‘இன்ஸ்பெக்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். கூட்டத்தில் அக்கா பேசி முடிக்கும்வரை அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று போதகர் நினைத்தார்.

கண்ணைத் திறந்த இன்ஸ்பெக்டர், “வீட்டை எடுத்துக்குங்க மேடம். எலி குடியிருக்கிறதுக்குப் பசங்க உக்காந்து படிச்சா நல்லதுதான்” என்றார். போதகருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஆனா ஒரு கண்டிஷன். படிச்ச பசங்க. பேச்சு எங்க ஆரம்பிச்சு எங்க போகும்னு சொல்ல முடியாது. ஒவ்வொரு கூட்டத்துலயும் பாஸ்டர் இருக்கணும். தடம் மாறிப் போச்சுன்னா அவர் நிறுத்தணும்.”

அக்காவின் புருவம் மேலே போனது. போதகருக்கோ அப்பாடா என்றிருந்தது. கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை அக்காவுக்கு. கதவுப் பக்கம் உட்கார்ந்து பார்க்கும் வேலை தனக்கு. காவல்தானே, காத்துவிட்டால் போகிறது.

வீடு பார்க்கச் சகிக்காமல் கிடந்தது. ஆலயத்தில் உடைந்தது, கிழிந்தது, பழுதானது எல்லாவற்றையும் இத்தனை காலமாக அங்கேதான் கொண்டுபோய்க் கொட்டியிருந்தார்கள். காலொடிந்த பெஞ்சுகள், மழையில் ஊறிய பாட்டுப் புத்தகங்கள், புறா கூடு கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய். அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். போதகரின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் அளவு நாடாவோடு வந்து, எந்தச் சுவரில் புத்தக அலமாரி, எந்த ஜன்னலோரம் மேசை என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டாள். பழைய பெஞ்சுகளையே தச்சர் அறுத்து மேசையாக்கிக் கொடுத்தார். பலகை நல்ல பலகை. உயரம் மட்டும் கொஞ்சம் குறைந்துபோயிற்று.

“அண்ணி, இதுல நெட்டையான பிள்ளைங்க உக்காந்தா முட்டி இடிக்குமே” என்றாள் போதகரின் மனைவி.

“இடிக்கட்டும், தூக்கம் வராது” என்றாள் அக்கா.

பெயர்ப்பலகைதான் பெரிய வம்பாகிப்போனது. அக்கா யோசித்து யோசித்து ‘கிறிஸ்தவ ஆய்வு மையம்’ என்று எழுதச் சொல்லியிருந்தாள். பலகை எழுதுபவர் கைக்கு வந்தபடி ‘ஆய்வு மையம்’ என்பதைப் பெரிய எழுத்திலும் மற்றதைப் பொடி எழுத்திலும் எழுதிவிட்டார். மாட்டிய மறுநாள் காலையில், போதகர் கதவைத் திறந்ததும் திறக்காததுமாக ஒரு வயதானவர் படியேறி வந்தார். கையில் காகிதம் சுற்றிய ஒரு சின்ன பாட்டில்.

“யாருகிட்ட குடுக்கணும்?” என்றார்.

போதகர் ஏதோ காணிக்கை என்று நினைத்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பாட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

“வெறும் வயித்துலதான் எடுத்தேன். சர்க்கரை மட்டும் பாத்தாப் போதும். ரிசல்ட் சாயந்தரம் கிடைச்சிருமா?”

உள்ளேயிருந்து இதைக் கேட்ட அக்கா அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மேல்தட்டுப் புத்தகங்கள் சரிந்தன. போதகர் பாட்டிலைப் பவ்வியமாகத் திருப்பிக் கொடுத்து, அடுத்த தெருவிலிருந்த பரிசோதனைக் கூடத்துக்கு அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். பலகை ‘கிறிஸ்தவப் படிப்பு மையம்’ என்று மாறியது. அதைப் பார்த்துவிட்டு இரண்டு தாய்மார்கள் டியூஷனுக்குப் பிள்ளைகளைச் சேர்க்க வந்தார்கள். அதற்குமேல் பலகையை மாற்ற அக்கா மறுத்துவிட்டாள்.

முதல் கூட்டத்துக்கு வந்தவர்களை ஒரே மேசையில் அடக்கிவிடலாம். மலையில் கேள்வி கேட்ட பையன் வந்திருந்தான். எல்லாரும் அவனைப் ‘பாட்டுக்காரன்’ என்றார்கள். பொறியியல் படிக்கும் ஒருவன், ஆறடிக்கும் மேலே. உட்கார்ந்ததும் முட்டியால் மேசையைத் தூக்கி எல்லார் தேநீரையும் கொட்டினான். ‘ஒட்டகம்’ என்ற பெயர் அங்கேயே வந்து ஒட்டிக்கொண்டது. சட்டம் படிக்கும் பெண் ஒருத்தி; கறுப்பு அங்கி போட இன்னும் நாள் இருந்தது, ஆனால் கூட இருந்தவர்களுக்கு அவள் இப்போதே ‘வக்கீல்’. அவள் வீட்டில் யாரும் எந்த ஆலயத்துக்கும் போவதில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் இடம் கிடைக்காமல் வந்தேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். ஓரத்தில் மருத்துவம் படிக்கும் ஒரு பெண். வணக்கம் சொன்னதோடு சரி, அப்புறம் வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் அவளை ‘டாக்டரம்மா’ என்றார்கள்.

போதகர் வெள்ளை அங்கியும் கழுத்துப் பட்டையுமாகக் கதவோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“தெரிஞ்சுக்கிறதும் நம்புறதும் ஒண்ணா, வேற வேறயா? யாராவது ஆரம்பிங்க” என்றாள் அக்கா.

யாரும் ஆரம்பிக்கவில்லை. பாட்டுக்காரன் போதகரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ஒட்டகம் பிஸ்கட்டை நொறுங்காமல் கடிப்பதில் மும்முரமாக இருந்தான். அக்காவே கேள்வி கேட்டு அக்காவே பதில் சொல்லி, ஒருவழியாகக் கூட்டத்தை இழுத்து முடித்தாள். அடுத்த வாரமும் அதே கதை.

அன்றைக்குக் கிளம்பும்போது வக்கீல் நேராகப் போதகர் முன்னால் வந்து நின்றாள்.

“பாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அங்க உக்காந்திருந்தா பரீட்சை ஹாலு மாதிரி இருக்கு. காப்பி அடிக்காதவங்களுக்கே கை நடுங்குது.”

போதகருக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் சிரித்து வைத்தார். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் புலம்பித் தீர்த்தார். “நான் என்ன பண்ணேன்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசல!”

“அதான் பயப்படறாங்க” என்றாள் மனைவி. “பேசாம சமையலறையில போய் உக்காருங்க. அதுவும் அந்த வீட்டுக்குள்ளதானே இருக்கு. இன்ஸ்பெக்டர் எந்த ரூம்னு சொல்லலையே.”

கணக்கு டீச்சர் சொன்னால் கணக்குச் சரியாகத்தான் இருக்கும். மறுவாரம் போதகர் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தேநீர் போடப் போனார். முதல் தடவை சர்க்கரை போட மறந்தார். அடுத்த தடவை இரண்டு முறை போட்டார். ஆனால் அந்தப் பக்கத்து அறையில் மெல்ல மெல்லப் பேச்சு கிளம்பியது. பாட்டுக்காரன்தான் முதலில் வாய் திறந்தான். அவன் சொன்னதை வக்கீல் மறித்தாள். ஒட்டகம் நடுவில் புகுந்து பாலம் கட்டுவதைப் பற்றி என்னமோ சொல்ல, அது கேட்டவுடன் சம்பந்தமில்லாததுபோலவும் கொஞ்சம் யோசித்தால் ரொம்பச் சம்பந்தம் உள்ளதுபோலவும் இருந்தது. அக்கா அதிகம் பேசவே இல்லை. “அதெப்படிச் சொல்றே?” “இன்னும் கொஞ்சம் சொல்லு.” அவ்வளவுதான்.

போதகர் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். குழாய்ச் சத்தத்தில் வக்கீல் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை. குழாயை மூடினார். நுரை படிந்த கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்து நின்றார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவருக்கே தெரியாது. கையில் நுரை காய்ந்து இழுத்தபோதுதான் சுயநினைவு வந்தது. தடம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டிய ஆள், தடத்தை மறந்து பேச்சோடு போய்விட்டிருந்தார்.

“வீட்டுல ஒரு டம்ளர் கழுவத் தெரியாது, அங்க போய் அவ்வளவு நேரம் என்னதான் கழுவறீங்க?” என்று மனைவி கேட்டபோது அவர் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார்.

இப்படியே ஒரு பருவம் ஓடியது. மழை பிடித்த ஒரு நாள், மாலைக் கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் அக்காவிடமிருந்து போன் வந்தது. மாணவர்களை மறுபடி மலைக்குக் கூட்டிப் போயிருந்தாள்.

“தம்பி, பாதையில பாறை சரிஞ்சு கிடக்கு. யாருக்கும் ஒண்ணும் இல்ல, எல்லாரும் பஸ்ஸுலதான் இருக்கோம். கல் மேடத்தைக் கல்லே மறிச்சிருச்சுன்னு பசங்க பின்னாடி கொண்டாடறாங்க. நான் வர முடியாது. இன்னைக்கு நீ நடத்து.”

“நானா? அக்கா, கூட்டத்தைத் தள்ளி வெச்சிரலாமே...”

“மழையில நனைஞ்சு வர்ற பிள்ளைங்களைத் திருப்பி அனுப்புவியா?” என்று கேட்டுவிட்டு அக்கா போனை வைத்தாள்.

போதகர் வீட்டுக்கு ஓடிப்போய், எப்போதோ பண்ணிய பிரசங்கக் குறிப்பு ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டார். மூன்று தலைப்பு, நடுவில் ஒரு நகைச்சுவை, கடைசியில் ஒரு பாட்டு. அதைப் பிடித்துக்கொண்டால் கரை சேர்ந்துவிடலாம். அங்கியைப் போடுவதா வேண்டாமா என்று கொஞ்சம் தடுமாறினார். ஓடி வந்த மழையில் அது முழுக்க நனைந்திருந்ததால் அந்தக் குழப்பம் தானாகத் தீர்ந்தது.

அன்றைக்கு மழைக்குப் பயந்தோ என்னவோ வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்து ஒதுங்கியிருந்தார்கள். போதகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதல் தலைப்பை ஆரம்பித்தார். ஜெபத்தைப் பற்றியது. பாதிகூடப் போகவில்லை, ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மெல்லிய குரல். இத்தனை நாளும் அவர் கேட்டேயிராத குரல்.

“பாஸ்டர், ஒண்ணு கேக்கலாமா?”

டாக்டரம்மா.

“கேளும்மா” என்றார். வேறென்ன சொல்வார்?

“இந்த மாசம் எனக்குக் குழந்தைங்க வார்டு. ஒரு சின்னப் பொண்ணு இருந்தா. நான் ஊசி போட வந்தா மட்டும் அழாம கையை நீட்டுவா. அவங்க அம்மா கட்டிலோரமா முழங்கால் போட்டே இருப்பாங்க. நானும் ஜெபம் பண்ணேன். டூட்டி முடிஞ்சும் வீட்டுக்குப் போகாம பண்ணேன். முந்தாநாள் காலையில கட்டில் காலியா இருந்துச்சு.” அவள் மேசைப் பலகையின் பழைய ஆணித் துளையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். “ஏன் பாஸ்டர்? நாங்க கேட்டது தப்பா? கேட்ட விதம் தப்பா?”

போதகரிடம் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இல்லை. எத்தனையோ சாவு வீடுகளில் சொல்லிப் பழகிய பதில்கள் வரிசை கட்டி நின்றன. ஒன்றை எடுத்துப் பேச வாயைத் திறந்தார். அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுதல் தேடும் பார்வை இல்லை அது. பதில் தெரிய வேண்டும் என்று நிற்கிற பார்வை. எடுத்த பதில் நாக்கு நுனியிலேயே கரைந்துபோயிற்று. அடுத்ததும் அப்படியே.

“எனக்குத் தெரியலம்மா” என்றார்.

தன் குரலைக் கேட்டு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. வானம் இடிந்து தலையில் விழவில்லை. யாரும் எழுந்து போகவில்லை.

“நிஜமாத்தான் சொல்றேன். நானும் ஒவ்வொரு தடவையும் கடவுள்கிட்ட இதைத்தான் கேக்கறேன். நீ கேட்டதுலயும் தப்பில்ல, கேட்ட விதத்துலயும் தப்பில்ல. அது மட்டும் எனக்குத் தெரியும். அதுக்குமேல தெரியல.”

டாக்டரம்மாவின் கண் நிறைந்து வழிந்தது. பக்கத்திலிருந்த வக்கீல், எதையும் மறுத்துப் பேசாமல் ஒருநாளும் விடாதவள், இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போதகர் குறிப்புத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அப்போதுதான் அவருக்கு ஒன்று தோன்றியது. “வேதத்துலயே சிலபேர் இதைக் கேட்டு வெச்சிருக்காங்க. பணிவா இல்ல, கோபமா. ஏன் மறைஞ்சுக்கிட்டே, எவ்வளவு நாள் பேசாம இருப்பேன்னு கடவுளையே கூண்டுல ஏத்திக் கேள்வி கேக்கற பாட்டுங்க சங்கீதப் புத்தகத்துல இருக்கு. படிக்கலாமா?”

“கடவுள் மேல கேஸா?” என்று நிமிர்ந்தாள் வக்கீல். “அதை வேதத்துக்குள்ளேயே விட்டு வெச்சிருக்காங்களா?”

“விட்டு வெச்சிருக்காங்க. நாமதான் ஞாயித்துக்கிழமை அதைத் தாண்டிக் குதிச்சிட்டு, துதிப் பாட்டுக்குப் போயிடறோம். நானும்தான்.”

அலமாரியில் இருந்த வேதாகமங்களை எடுத்து இரண்டு பேருக்கு ஒன்றாக வைத்துக்கொண்டார்கள். போதகர் பக்கத்தைச் சொன்னார். அவர்கள் மாற்றி மாற்றி வாசித்தார்கள். பாட்டுக்காரன் நடுவில் நிறுத்தி, இந்த வரியை எழுதினவர் இப்படி எழுதிட்டும் ஏன் கடவுள்கிட்டயே பேசிக்கிட்டு இருக்காரு, எழுந்து போயிருக்கலாமே என்றான். அதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் பேசினார்கள். போதகரும் பேசினார். பாதியில் திருத்திக்கொண்டார். ஒரு இடத்தில் ஒட்டகம் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார். அன்று தேநீர் போட வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. கடைசியில் டாக்டரம்மா ஒரு சங்கீதத்தை முழுக்கத் தனியாக வாசித்தாள். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. மழை விட்டிருந்தது. போகும்போது, “திட்டுற மாதிரி ஜெபம் பண்ணலாம்னு எனக்குத் தெரியாது பாஸ்டர்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போதகர் வீட்டுக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டார். காரணம் அவருக்கே விளங்கவில்லை, அப்படிப் பசித்தது.

விஷயம் கமிட்டிக்குப் போகாமல் இருக்குமா? மாணவர்களில் ஒருவன் வீட்டில் பெருமையாகச் சொல்ல, அது கை கால் முளைத்து, ‘பாஸ்டர் தனக்குக் கடவுளைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு பசங்க முன்னாடி ஒத்துக்கிட்டாராம்’ என்று இன்ஸ்பெக்டர் காதுக்கு வந்து சேர்ந்தது. சனிக்கிழமை காலையில் இன்ஸ்பெக்டர் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. போதகர் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். அக்காவும் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் எதிர் நாற்காலியைக் காட்டினார். “தெரியாதுன்னு சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“கேட்டது என்ன?”

போதகர் நடந்ததை அப்படியே சொன்னார். அந்தச் சின்னப் பெண்ணைப் பற்றி, கட்டிலோரம் முழங்காலிட்ட தாயைப் பற்றி, எடுத்த பதில்கள் ஒவ்வொன்றாகக் கரைந்துபோனதைப் பற்றி. எதையும் மழுப்பவில்லை. இன்ஸ்பெக்டர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

“தடம் மாறினா நிறுத்தணும்னுதானே உங்களை வெச்சேன்?”

“ஆமா சார். ஆனா அது தடம் மாறின மாதிரி எனக்குத் தெரியல. அன்னைக்குத்தான் தடத்துல ஏறின மாதிரி இருந்துச்சு.”

இன்ஸ்பெக்டர் கண்ணைத் திறந்தார். “நான் வேலையில இருந்தப்போ சாட்சிங்க வருவாங்க. எதைக் கேட்டாலும் பட்பட்டுன்னு பதில் சொல்றவனைத்தான் மறுபடி கூப்பிட்டு விசாரிப்பேன். ‘இதைப் பாத்தேன், அதைப் பாக்கல, அதுக்குமேல தெரியாது’ன்னு சொல்றவன் பேச்சைக் கேஸ் முடியுறவரைக்கும் நம்பலாம்.” எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். “நீங்க இனிமே காவல் உக்காரவேண்டாம் பாஸ்டர். கண்டிஷனை எடுத்துட்டேன். கமிட்டியில நான் சொல்லிக்கிறேன்.”

போதகர் நன்றி சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்தார். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். மாலை நேரம் மிச்சமாகிறது. கோப்பை கழுவ வேண்டியதில்லை. ஆனால் தெருமுனை திரும்புவதற்குள் மனசு என்னவோபோல் ஆகிவிட்டது. வேலையிலிருந்து எடுத்துவிட்டதைப்போல. நேராக அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா தரையில் பாறைத் துண்டுகளைப் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“கண்டிஷனை எடுத்துட்டாருக்கா. நான் வரவேண்டாமாம்.”

“நல்லதுதானே? முதல் நாள்லேர்ந்து அங்க வர உனக்குப் பிடிக்கல.”

போதகர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். “அக்கா, நான் வரட்டுமா? காவலுக்கு இல்ல, சும்மா.”

அக்கா கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தாள். சிறுவயதில் அவர் ஏதாவது உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை. ஆனால் கூடவே சிரிப்பும் இருந்தது. “எங்க துறையில ‘தெரியல’ன்னு சொன்னாத்தான்டா வேலையே ஆரம்பிக்கும். எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னா எதுக்கு மலையேறணும்? வா. ஆனா அந்த அங்கியை வீட்டுலயே விட்டுட்டு வா.”

அடுத்த ஞாயிறு ஆராதனையில், வாசிப்பு நேரத்தில், போதகர் துதிப் பாட்டுக்குத் தாவவில்லை. அந்த மழை நாளில் டாக்டரம்மா வாசித்த சங்கீதத்தையே எடுத்து, கடுமையான ஒரு வரியைக்கூட விடாமல் வாசித்தார். ஆராதனை முடிந்து வாசலில் எல்லாரோடும் கைகுலுக்கும்போது, போன வருஷம் மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் அவர் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. பின்னால் நின்ற வரிசை பொறுமையாகக் காத்திருந்தது.

படிப்பு மையத்தில் இப்போது மேசை போதவில்லை. டாக்டரம்மா தன்னோடு வார்டில் இருக்கும் இரண்டு தோழிகளைக் கூட்டி வந்தாள். அவர்கள் வேறு நம்பிக்கைக்காரர்கள். இருந்தாலும் கேள்வி ஒன்றுதான் என்றார்கள். இன்னொரு மேசையை எங்கே போடுவது என்பதில் அக்காவுக்கும் தம்பிக்கும் பெரிய சண்டை. ஜன்னலோரம் என்றார் அவர். அலமாரியை மறைக்கும் என்றாள் அவள். கடைசியில் போதகரின் மனைவி அளவு நாடாவை எடுத்து, இரண்டு பேர் சொன்னதும் தப்பு என்று நிரூபித்தாள். மேசை சமையலறைக்குள் போனது. ஆகவே இப்போது பாதிக் கூட்டம் அடுப்புப் பக்கத்தில் நடக்கிறது. தேநீர் முறை போட்டு எல்லாரும் வைக்கிறார்கள். ஒட்டகம் வைத்தால் மட்டும் குடிக்க முடிவதில்லை.

பாட்டுக்காரனுக்கு அந்த முதல் கேள்விக்கு விடை கிடைத்ததா என்றால், பாதிதான் கிடைத்தது. மீதிக்காக ஒவ்வொரு வாரமும் வருகிறான். வக்கீல் இன்னமும் எதையும் நம்பவில்லை என்றுதான் சொல்கிறாள். ஆனால் அவள் வராத அன்று கூட்டம் உப்புச் சப்பில்லாமல் போய்விடும் என்று அக்காவே போன் பண்ணிக் கூப்பிடுகிறாள்.

போன வாரம் மன்னிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. போதகருக்கு இதில் சொல்ல நிறைய இருந்தது. முட்டி இடிக்க மேசையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தவர், ஒட்டகம் பேசி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார். பழக்கதோஷத்தில் குரலும் மேடைக் குரலாகிவிட்டது.

வக்கீல் மேசையைத் தட்டினாள். “பாஸ்டர், இன்னும் உங்க முறை வரல.”

அக்கா வேறெங்கோ பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சபையில் யாரும் அவரை இப்படி நிறுத்தியதில்லை. போதகர் டக்கென்று வாயை மூடிக்கொண்டார். பிறகு ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தேநீரில் நனைத்து, ஒட்டகம் சொல்வதைக் கேட்டுக்கொண்டே, தன் முறைக்காகச் சௌகரியமாகக் காத்திருந்தார்.